கிணற்றுக்கடியில் கிடந்த கடல்

என் வயதுக்காரர்களே, கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் சந்திக்கிறபோது நீங்கள் வாய் ஓயாமல் ஒன்று சொல்கிறீர்கள். அந்தக் காலத்துக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்ததாம். நான் தலையை ஆட்டிக்கொண்டு இருப்பேன். உங்கள் கிணறு இனித்திருக்கலாம். எங்கள் கிணறு உவர்த்தது. ஏன் உவர்த்தது என்று எங்கள் வளவில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவர் என் அப்பா. இதைக் கோபமில்லாமல் சொல்லிவிடப் பலமுறை முயன்றேன், சரிவரவில்லை. கோபத்தோடேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் பின்பாதி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பங்கு பிரித்துப் பிரித்துக் கோழி கிளறுகிற அளவுக்குக் காணி சுருங்கிப்போனவர்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய காலம். நாங்களும் வந்தோம், அப்பாவின் பின்னால் இன்னும் சில குடும்பங்களும் வந்தன. பரந்தனிலிருந்து பூநகரிக்குப் போகிற வீதியில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் காணி. அப்பா, அம்மா, நான், தவழத் தொடங்கியிருந்த தம்பி, இவர்களோடு சின்னம்மா. சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்டதால் என் அப்பாவே அவளுக்குத் தகப்பன் இடத்தில் இருந்தார். "அத்தான் சொன்னால் சரி" என்பது அவள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் கூசுகிறது.

தண்ணீருக்கு வீதியோரத்துப் பொதுக்கிணற்றுக்குப் போகவேண்டும். அங்கே குடத்துச் சண்டை, குலத்துச் சண்டை எல்லாம் நடக்கும். இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகச் சின்னம்மா நடந்து வருவாள். குடத்தின் விளிம்பு பட்டுப் பட்டு அவளுடைய இடுப்பில் கறுத்த காய்ப்பு விழுந்திருந்தது. குளிக்கும்போது அதைத் தொட்டுப் பார்த்து, "இது எனக்கு ஒட்டியாணம்" என்று சிரிப்பாள்.

அவளுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பரந்தன் ஸ்டேசனில் வேலை. வந்து பார்த்துவிட்டுப் போனார், பிடித்துக்கொண்டது. சின்னம்மாவுக்கும் பிடித்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதற்குப் பிறகு ரயில் கூவுகிற சத்தம் காற்றில் வரும்போதெல்லாம் அவள் செய்கிற வேலையை விட்டுவிட்டு நிற்பாள். மாப்பிள்ளையின் தாய் மட்டும் ஒன்று சொல்லி அனுப்பினார். கிணறில்லாத வளவில் தாலி கட்ட வைக்க அவருக்கு மனமில்லையாம். ஆவணிக்கு முன் கிணறு வெட்டிவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்தார்.

கிணறு வெட்ட இடம் பார்த்துத் தேங்காய் உடைத்தவர் கோயில்காரர். எங்களோடு குடியேறியவர்தான். மரத்தடியில் ஒரு பிள்ளையாரை வைத்து விளக்கேற்றி வந்தார், ஊரில் நல்லது கெட்டது எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். குழியைச் சுற்றி வேப்பிலை செருகிய கயிறு கட்டினார். தண்ணீர் கண்டு, கட்டுக் கட்டி, பொங்கிப் படைக்கிறவரை மாதவிலக்கான துடக்குக்காரிகள் அந்தக் கயிற்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஊற்றுக் கெட்டுவிடும் என்பது சட்டம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களில் எத்தனை பேர் வீட்டுக்குத் தூரமென்று மாட்டுக் கொட்டில் ஓரம் பாயில் இருந்திருக்கிறீர்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கிணறு வெட்டத் தொடங்கின அதே காலத்தில்தான் கல்லுப் பார்க்கிறவர்கள் வந்தார்கள். ஊரில் அவர்களுக்கு அதுதான் பெயர். கொழும்பிலிருந்து வந்த அரசாங்கப் புவியியல்காரர்கள் இரண்டு பேர். எங்கள் காணிக்கு அப்பால், வெட்டைவெளியில் கூடாரம் அடித்தார்கள். மூன்று காலில் நின்ற இரும்புச் சட்டம், கரிய புகை கக்கிக்கொண்டு நிலத்தைத் துளைக்கிற இயந்திரம். பொன் தேடுகிறார்கள் என்று ஒரு கதை, மண்ணெண்ணெய் தேடுகிறார்கள் என்று ஒரு கதை. உண்மையில் அவர்கள் தண்ணீர் எங்கே கிடக்கிறது, கல் எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தவர்கள்.

மூத்தவர் எங்கள் குடாநாட்டு ஆள்தான். தலை நரைத்தவர், மடக்குக் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருப்பார். இளையவர் தெற்கே சிங்களப் பகுதியில் பிறந்தவர். வேலைக்கு வந்த இடங்களில் பொறுக்கிச் சேர்த்த தமிழ் பேசுவார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் நிற்பேன். துளைக்குள்ளிருந்து உலக்கைத் துண்டு மாதிரி உருண்டையான கல் வரும். அதை நீளமான மரப்பெட்டிகளில் வந்த ஒழுங்கு மாறாமல் அடுக்குவார்கள்.

"இதென்ன?" என்று முதல் நாள் கேட்டேன்.

"கல்" என்றார் இளையவர்.

"அது எனக்கும் தெரியும்."

அவர் சிரித்துவிட்டுச் சுத்தியலால் ஒரு துண்டைத் தட்டிப் பிளந்தார். போத்தல் தண்ணீரை ஊற்றினார். வெள்ளைக் கல்லுக்குள் வரி வரியாக ஒரு மட்டி. அம்மா குழம்புக்குப் போடுகிற மட்டி போலவே இருந்தது, ஆனால் கல்.

"முந்தி கடல் இங்கே. நீ நிக்கிற இடம் கடல்."

"எப்ப?"

"ரொம்பக் காலம் முந்தி. மனுசன் ஒருவரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லையெண்டால் ஆர் கண்டது?"

அவர் மட்டியை விரலால் தொட்டு, "இது கண்டது" என்றார்.

அந்தத் துண்டை என்னிடமே தந்துவிட்டு, நாக்கைக் கல்லில் வைத்துப் பார்க்கச் சொன்னார். தானும் வைத்துக் காட்டினார். நாக்கு கல்லில் ஒட்டிக்கொண்டது. மெல்லிய உவர்ப்பு, சுண்ணாம்பு மணம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கல்லு நக்கிற பிள்ளையை எவன் கட்டுவான்" என்றார். சின்னம்மா மட்டும் கல்லை வாங்கி, யாரும் பார்க்காதபோது தானும் நாக்கை வைத்துப் பார்த்தாள்.

"கடல் பிறகு எங்க போச்சு?" என்று இன்னொரு நாள் கேட்டேன்.

"எல்லாம் போக இல்லை. கொஞ்சம் கீழே இருக்கு" என்றார் இளையவர்.

மூத்தவருக்கு அன்று பேசுகிற மனநிலை. என்னைப் பெட்டியடிக்குக் கூப்பிட்டார். "இஞ்ச வா பிள்ளை. இந்த ஒரு சாண் கல்லைப் பார். இது படியிறதுக்குள்ள உங்கட ஊரில எத்தினை பரம்பரை பிறந்து செத்துப் போயிருக்கும் தெரியுமோ? இலங்கை முழுக்கச் சுத்திப் பாத்தால் இதைவிடக் கிழட்டுக் கல்லெல்லாம் கிடக்கு. வவுனியாப் பக்கத்துப் பாறைக்கு முன்னால இந்தக் கல்லு நேற்றுப் பிறந்த குழந்தை." மனிதர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கடல் ஏறினது, இறங்கினது, மழைத்தண்ணீர் கல்லிடுக்குகளால் ஒழுகி உப்புத்தண்ணீரின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது என்று எல்லாம் சொன்னார். நான் வாய் பிளந்து கேட்டேன். அப்படிப் பேசுகிற ஒருவர் எதற்கும் பயப்படமாட்டார் என்று நினைத்தேன்.

எங்கள் கிணற்றில் தண்ணீர் வந்தது. முழங்காலளவு. சுண்ணாம்புக் கல்லிலிருந்து கசிந்த தண்ணீர், தெளிவானது, குளிர்ந்தது. அப்பா முதல் வாளியை மேலே எடுத்துச் சின்னம்மாவின் கையில் ஊற்றினார். "குடி, உனக்காக வெட்டினது" என்றார். அந்த நேரத்து அப்பாவை எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அவரை அரக்கன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அரக்கனாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வயதுவரை கோபம் நின்றிருக்காது.

தண்ணீர் வந்த கிணற்றைப் பார்க்கக் கல்லுப் பார்க்கிறவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன், அதனால் பக்கத்தில் நின்றேன். மூத்தவர் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துச் சின்னப் போத்தலிலிருந்து உப்புப் பார்க்கிற மருந்தில் துளி விட்டார். தண்ணீர் லேசாக வெளிறிக் கலங்கியது.

"இப்ப நல்ல தண்ணி" என்றார் அப்பாவிடம். "ஆனா இதோட நிப்பாட்டுங்கோ. இனி ஒரு அடிகூடக் கீழ போகவேண்டாம். நாங்கள் துளைச்சுப் பாத்த இடத்தில கொஞ்சம் கீழயே உப்புத்தான். மேல கிடக்கிறது மழைத்தண்ணி, கீழ கிடக்கிறது பழைய கடல். இடையில சுவரொண்டும் இல்லை."

"வெடி வைச்சால்?" என்று அப்பா கேட்டார்.

"வைக்கவே கூடாது. கல்லு வெடிச்சால் கீழ இருக்கிறது மேல வரும். வீட்டுப் பாவனைக்கு இது காணும்."

"ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று அப்பா கைகட்டிக்கொண்டு சொன்னார்.

அவர்களுடைய ஜீப் படலையைத் தாண்டின கையோடு அப்பா சிரித்தார். "வெடி வைக்காத கிணறும் ஒரு கிணறோ? எங்கட அப்பர் வலிகாமத்தில கல்லுடைச்சுக் கல்லுடைச்சு இறங்கினவர். இறங்க இறங்க ஊற்றுத்தான். படிச்சவைக்குக் கல்லிலயும் பயம்." குடிக்கத் தண்ணீர் போதும் என்றால் அப்பாவுக்குப் போதாது. மிளகாய்த் தோட்டம் போடவேண்டும், ஊரில் விட்டுவந்த சகோதரர்கள் பார்த்து மூக்கில் விரல் வைக்கவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று மூளையை அப்படியே பெட்டிக்குள் வைத்து வன்னிக்குக் கொண்டுவந்திருந்தார். நிலம் மாறினது தலைக்குள் ஏறவில்லை. வேறு ஊரில் பிறந்த ஒருவன் வெடி வைப்பதற்கு முன் ஒருமுறை யோசித்திருப்பான்.

வெடி வைக்கிற நாள் காலை. சின்னம்மா வீட்டுக்குத் தூரம், கொட்டில் ஓரத்தில் இருந்தாள். ஆண்கள் எல்லாரும் மருந்தும் திரியும் ஆயத்தம் செய்கிற மும்முரம். கோயில்காரரும் நின்றார். அம்மா குசினியில். தம்பி வேப்பிலைக் கயிற்றுக்குக் கீழால் தவழ்ந்து குழியின் விளிம்புக்குப் போனதை யாரும் காணவில்லை. சின்னம்மாதான் கண்டாள். ஒரு சத்தமும் போடாமல் எழும்பி ஓடினாள். கயிற்றைத் தாண்டி, வெட்டிப் போட்ட மண்ணில் சறுக்கி விழுந்து, பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தாள். தம்பி வீரிட்டு அழுதபோதுதான் எல்லாரும் திரும்பினார்கள்.

திரும்பியவர்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவளுடைய கால் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள்.

கோயில்காரர் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பின்னேரம் வெடி வைத்தார்கள். நிலம் அதிர்ந்தது, முற்றத்து மாமரத்திலிருந்து காகங்கள் எழும்பிப் பறந்தன. ஊற்று என்றால் அப்படி ஒரு ஊற்று. ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடாத குறை. சில நாள் போனது. பருப்பு அவியவில்லை என்றார் அம்மா. மிளகாய் நாற்று நுனி கருகியது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. கிழமை முடிவதற்குள் வாயில் வைக்கமுடியாத உப்பு.

அடுத்த காணிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர்கூட வெடியைப் பற்றிப் பேசவில்லை. "அண்டைக்குக் கயிறு தாண்டினவளெல்லே" என்றது ஊர். அந்தக் கதை நடந்தே பரந்தனுக்குப் போய்ச் சேர்ந்தது.

மாப்பிள்ளையின் தாய் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வரவில்லை. அந்த ஆம்பிளை எங்கே போனார் என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன். முற்றத்தில் பாய் போட்டு இருத்தினார்கள், கோயில்காரர் நடுவில். சின்னம்மா குசினி வாசலில். என்ன நடக்கப் போகிறது என்று எனக்கு விளங்கியது. வேலியைப் பிய்த்துக்கொண்டு கூடாரத்துக்கு ஓடினேன். இளையவர் உடனே எழும்பினார். மூத்தவர் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு மெல்ல வந்தார். என் கையில் மட்டிக் கல்லும் இருந்தது, சாட்சிக்கு.

மூத்தவர் அழகாகத்தான் தொடங்கினார். இந்த இடம் கடலாக இருந்ததைச் சொன்னார். பழைய உப்பு கீழே கிடப்பதைச் சொன்னார். ஒரு பெண்ணின் காலுக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. மாப்பிள்ளையின் தாய்கூட முகம் இளகி, "அப்பிடியும் இருக்குமோ?" என்றார்.

கோயில்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா படிச்சவர், சொல்லுறது சரியாத்தான் இருக்கும். கடல் கிடந்திருக்கும். ஆனா ஒண்டு. அவ்வளவு காலமும் கீழ பேசாமக் கிடந்த கடல், இந்தப் பிள்ளை கயிறு தாண்டின கிழமை ஏன் மேல வந்தது? அதுக்கு ஐயா ஒரு மறுமொழி சொல்லவேணும்."

நல்ல கேள்வி. நான் இன்றைக்கும் அதை நல்ல கேள்வி என்றே சொல்வேன். அதற்கு ஒரே வார்த்தையில் மறுமொழி இருந்தது. மூத்தவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பாயின் ஓரத்து நாரை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார். அப்பா தலையை நிமிர்த்தி, "நான்தான் சொல்லுக் கேக்காமல் வெடி வைச்சனான்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பின்னேரமே எல்லாம் முடிந்திருக்கும்.

மூத்தவர் தொண்டையைச் செருமினார். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்த மனிதர். வீட்டுக்காரனை நாலு பேர் முன் குறை சொல்லக்கூடாது என்ற எங்கள் பெரிய மரியாதை அவருக்கும் தெரியும். "அது... பல காரணம் இருக்கலாம். விஞ்ஞானத்தில இதுதான் எண்டு அறுதியாச் சொல்லேலாது" என்றார்.

இளையவர், "இல்லை, வெடி... கல் உடைஞ்சது..." என்று தொடங்கினார். மூத்தவர் அவருடைய கையைப் பிடித்து இங்கிலீசில் ஏதோ சொன்னார். இளையவர் நின்றுவிட்டார். முகம் சிவந்துபோய் நின்றார், ஆனால் நின்றுவிட்டார். கோடிக்கணக்கான வருசத்துக்கு முன் நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிப் பேசிய மூத்தவருக்கு, போன கிழமை நடந்ததைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

நான் சொன்னேன். "அப்பாவிட்ட நிப்பாட்டச் சொன்னவை. வெடி வைக்கவேண்டாம் எண்டு சொன்னவை. நான் தேத்தண்ணி குடுக்கேக்க கேட்டனான். அப்பா ஓம் எண்டவர்."

அறை விழுந்தது. அப்பாவின் கையென்று நினைப்பீர்கள். அம்மாவின் கை. கூடப் பிறந்தவளின் வாழ்வு ஒரு பக்கம், கட்டினவரின் மானம் ஒரு பக்கம். அம்மாவுக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியாது. ஒரு கணமாவது தயங்கியிருக்கலாம்.

"சின்னப்பிள்ளைக் கதை" என்றார் கோயில்காரர். கீழே விழுந்த என் கல்லை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சங்கெல்லே இது. நிலத்துக்கடியில கிடந்த தெய்வ சாமான். இதை வைச்சுப் பிள்ளை நாக்கால நக்கினதாம்" என்று சொல்லிக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனம் பூசிவிட்டார். சாட்சியைக் கும்பிட்டார்கள், அது சொல்ல வந்ததைக் கேட்கவில்லை. அந்தக் கல்லை நான் பிறகு தொட்டதில்லை. பிள்ளையாரும் மரமும் கல்லும் பிற்காலத்து யுத்த அழிவுகளில் எங்கே போனதென்று தெரியாது.

அந்தக் கலியாணம் நின்றது. வேறு பேச்சும் வரவில்லை. கிணறு உவர்க்க வைத்தவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் நடந்துபோய் எல்லாப் படலையிலும் நின்றது. எங்கள் வீட்டிலேயே இருந்து, எங்கள் பிள்ளைகளை வளர்த்து, பொதுக்கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து, கிழவியாகிச் செத்தாள். அன்று குழி விளிம்பிலிருந்து அவள் இழுத்தெடுத்த தம்பிதான் கொள்ளி வைத்தான். அவன் இன்றைக்கும், "அப்பா என்னக்கா செய்யிறது, ஊருக்குப் பயந்திட்டார்" என்பான். பயந்தது உண்மைதான். அவரை நம்பிப் பத்துக் குடும்பம் காடு வெட்ட வந்திருந்தது, பிழை விட்டவன் என்று தெரிந்தால் அந்தத் தலைமை போய்விடும். இதெல்லாம் எனக்கும் இப்போது விளங்குகிறது. விளங்குகிறது என்பதற்காக மன்னிக்கவேண்டும் என்று எந்தப் புராணத்தில் எழுதியிருக்கிறது?

அன்றைக்கு நடந்த கடைசிக் காரியத்தைச் சொல்லி விடுகிறேன். இதை அம்மாகூட அறியார்.

மாப்பிள்ளையின் தாய் மறுப்புச் சொல்லியாயிற்று. கல்லுப் பார்க்கிறவர்கள் போய்விட்டார்கள். ஆனால் வந்த சம்பந்தி வீட்டார் வாய் நனைக்காமல் எழும்பினால் வீட்டுக்கு மரியாதையில்லை. சின்னம்மா குசினிக்குள் போனாள். நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அடுப்பருகில் இருந்தேன். அவள் அழவில்லை. குடத்துத் தண்ணீரில் எல்லாருக்கும் தேத்தண்ணி கொதிக்க வைத்தாள். பிறகு பின்பக்கத்தால் போய்ப் புதுக்கிணற்றில் அரை வாளி அள்ளி வந்து, தனியே ஒரு சட்டியில் வைத்தாள். தேயிலையும் சீனியும் போட்டாள். அது கொதிக்கும்போது ஒரு மாதிரி நுரைத்தது. என்னைப் பார்த்தாள்.

எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு வழமையான மூக்குப்பேணியில் கொண்டுபோனாள். அப்பா அண்ணாந்து வாய்க்குள் ஊற்றினார். ஊற்றியவுடன் கண் விரிந்தது. விழுங்காமல் கன்னம் உப்பி நின்றதை நான் வாசலில் நின்று பார்த்தேன். கோயில்காரரும் சம்பந்தியும் எதிரே இருந்து தங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். துப்பியிருக்கலாம். ஏனடி என்று கேட்டிருக்கலாம். அப்பா விழுங்கினார். இடையில் நிறுத்தாமல் அடிவரை குடித்தார்.

"எப்பிடி இருக்கு அத்தான்?" என்று சின்னம்மா எல்லாருக்கும் கேட்கிறமாதிரிக் கேட்டாள்.

அப்பா வாயைத் துடைத்தார். "நல்லா இருக்கு" என்றார்.

"அப்ப இன்னும் கொஞ்சம் விடட்டோ?"

அப்பா பேணியை நீட்டினார்.